முதியோர் இல்லங்களில் தொற்றுநோய் விரைவுப் பரிசோதனை: பயனும் எல்லையும்

முதியோர் இல்லம் தொற்றுநோய்க்கு எளிதில் இடம் கொடுக்கும் அமைப்பு. அங்கு வாழ்பவர்கள் ஒரே கூடத்தில் சாப்பிடுகிறார்கள், ஒரே அறையில் தொலைக்காட்சி பார்க்கிறார்கள், கழிவறையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, உணவூட்டுவது, மருந்து கொடுப்பது எல்லாவற்றையும் சில ஊழியர்களே அறை அறையாகச் சென்று செய்கிறார்கள். இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு நீரிழிவு, இதயநோய், நுரையீரல் நோய், மறதிநோய் ஆகியவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை உண்டு. மருத்துவமனையைப் போலவே நோய் பரவ வழியிருக்கும் இந்த இடத்தில், மருத்துவமனைக்கு உள்ள ஆய்வகமோ நாள் முழுவதும் மருத்துவரோ இருப்பதில்லை.

இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுவது விரைவுப் பரிசோதனை. மாதிரியை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பாமல், நோயாளி இருக்கும் இடத்திலேயே எடுத்து, பத்து நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் முடிவு தெரிந்துகொள்ளும் சோதனைகள் அனைத்தும் இதில் அடங்கும். கொரோனா, இன்ஃப்ளுயன்சா, ஆர்எஸ்வி ஆகிய சுவாச வைரஸ்களுக்கான ஆன்டிஜென் பட்டைகள், சிறு கருவியில் இயங்கும் மூலக்கூறு சோதனைகள், சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் பட்டைகள் ஆகியவை முதியோர் இல்லங்களில் அதிகம் புழங்குகின்றன. இவை எங்கே உயிர் காத்தன, எங்கே பொய்யான நிம்மதி தந்தன, எங்கே வேண்டாத மருந்துக்கு வழிவிட்டன என்பதற்குக் கடந்த இருபது ஆண்டுகளில் போதிய சான்றுகள் சேர்ந்துள்ளன.

முதுமையில் நோயின் அறிகுறி

இளம் வயதில் தொற்று பெரும்பாலும் காய்ச்சலோடு வருகிறது. முதுமையில் அப்படி எதிர்பார்க்க முடியாது. உடலின் நோயெதிர்ப்பு மந்தமாகிவிடுவதால், கடுமையான தொற்று இருந்தும் உடல் சூடு அதிகம் ஏறாத முதியவர்கள் பலர். அதனால்தான் அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவச் சங்கம் 2008-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் இருப்பவர்களுக்கு ஒருமுறை வாய்வழி அளந்த வெப்பநிலை 37.8 டிகிரி செல்சியஸைக் கடந்தாலே காய்ச்சலாகக் கொள்ள வேண்டும் என்றது. தொடர்ந்து 37.2 டிகிரிக்கு மேல் இருந்தாலும், அவரவர் வழக்கமான அளவைவிட 1.1 டிகிரி கூடினாலும் அப்படியே கருத வேண்டும் என்பதும் அதில் உண்டு.

திடீர்க் குழப்பம், சாப்பாட்டில் விருப்பமின்மை, வழக்கத்தைவிட அதிக உறக்கம், நடையில் தடுமாற்றம், கீழே விழுதல் ஆகியவை முதியவர்களிடம் தொற்றின் முதல் அறிகுறிகளாக இருக்கலாம். மறதிநோய் உள்ளவர் தொண்டை வலிக்கிறது என்று சொல்லாமல் போகலாம். ஆகவே அறிகுறியை வைத்து மட்டும் இது இன்ஃப்ளுயன்சா, இது கொரோனா, இது வெறும் சளி என்று பிரித்தறிவது மருத்துவருக்கும் கடினம். சோதனைக்கான தேவை இங்கிருந்தே தொடங்குகிறது.

2020 கற்பித்த பாடம்

அறிகுறியை நம்பியிருப்பதன் விலையை அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் முதலில் கண்டது. சியாட்டில் நகரை ஒட்டிய கிர்க்லாண்டில் உள்ள ஒரு பராமரிப்பு இல்லத்தில் 2020 பிப்ரவரி 28 அன்று கொரோனா உறுதியானது. மார்ச் 18-க்குள் அந்த இல்லத்தோடு தொடர்புடைய 167 பேருக்குத் தொற்று கண்டறியப்பட்டது. அவர்களில் 101 பேர் இல்லவாசிகள், 50 பேர் ஊழியர்கள், 16 பேர் பார்க்க வந்தவர்கள். இல்லவாசிகளில் மூன்றில் ஒருவர் இறந்தார். உடல்நலமில்லாமலேயே ஊழியர்கள் வேலைக்கு வந்ததும், ஒரே ஊழியர் ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை செய்ததும் நோய் பரவ வழிவகுத்தன என்று விசாரணையில் தெரிந்தது.

கிர்க்லாண்ட் அமைந்துள்ள அதே கிங் கவுன்டியில் இன்னோர் இல்லத்தில் நடந்த ஆய்வு இன்னும் கூர்மையானது. அங்கு அறிகுறி உண்டா இல்லையா என்று பாராமல் 76 பேரைச் சோதித்தார்கள். 48 பேருக்குத் தொற்று இருந்தது. அவர்களில் 27 பேருக்குச் சோதனை செய்த நாளில் எந்த அறிகுறியும் இல்லை. அந்த 27 பேரில் 24 பேருக்கு அடுத்த சில நாட்களில் அறிகுறி தோன்றியது. அறிகுறி தோன்றுமுன் எடுத்த மாதிரிகள் பலவற்றிலிருந்து உயிருள்ள வைரஸை ஆய்வகத்தில் வளர்க்கவும் முடிந்தது. இருமுகிறவரை மட்டும் தனிமைப்படுத்தும் முறை, நோய் பரப்புகிறவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரைத் தவறவிடும் என்பது இதனால் தெளிவானது.

இங்கிலாந்தில் இதே கேள்வி நீதிமன்றம் வரை சென்றது. 2020 மார்ச்சிலும் ஏப்ரல் முதல் பாதியிலும் மருத்துவமனைப் படுக்கைகளைக் காலி செய்வதற்காக முதியவர்கள் சோதனையின்றிப் பராமரிப்பு இல்லங்களுக்கு அனுப்பப்பட்டனர். ஏப்ரல் 15-இல்தான், இல்லங்களுக்கு அனுப்புமுன் அனைவரையும் சோதிக்க வேண்டும் என்று அரசு அறிவித்தது. தந்தையரை இழந்த இரு பெண்கள் தொடுத்த வழக்கில் லண்டன் உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரல் 27 அன்று தீர்ப்பளித்தது. அறிகுறியற்றவர்களிடமிருந்து நோய் பரவும் ஆபத்தைக் கருத்தில் கொள்ளாமல், அப்படி வந்தவர்களை 14 நாட்கள் தனியே வைக்கும்படி அறிவுறுத்தாமல் விட்ட கொள்கை சட்டத்துக்குப் புறம்பானது என்பது தீர்ப்பின் சாரம்.

பட்டை செயல்படும் விதம்

ஆன்டிஜென் பட்டையின் அடிப்படைத் தொழில்நுட்பம் வீட்டில் கர்ப்பம் அறிய உதவும் பட்டையினுடையதே. மூக்கிலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுத்த சளியை ஒரு திரவத்தில் கலக்கும்போது வைரஸ் உடைந்து அதன் புரதம் வெளிவருகிறது. அதில் சில துளிகளைப் பட்டையின் ஒரு முனையில் விட்டால் நைட்ரோசெல்லுலோஸ் தாளின் வழியே திரவம் ஊர்ந்து செல்கிறது. வழியில் தங்கத் துகளோ நிறத்துகளோ ஒட்டப்பட்ட எதிர்ப்பொருட்கள் வைரஸ் புரதத்தைப் பற்றிக்கொள்கின்றன. சற்றுத் தள்ளித் தாளில் நிலையாகப் பதிக்கப்பட்ட இன்னொரு வரிசை எதிர்ப்பொருட்கள் அந்தக் கூட்டை நிறுத்திவிட, அங்கே நிறக்கோடு தோன்றுகிறது. அதற்கப்பால் இருக்கும் கட்டுப்பாட்டுக் கோடு, திரவம் சரியாக ஓடியது என்பதற்கு மட்டுமே சாட்சி. அந்தக் கோடு விழாவிட்டால் சோதனை செல்லாது.

ஆர்டி-பிசிஆர் சோதனை வைரஸின் மரபுப்பொருளைத் திரும்பத் திரும்பப் பெருக்குவதால் மிகச் சிறிய அளவையும் கண்டுபிடிக்கும். பட்டையில் பெருக்கம் எதுவும் இல்லை. மாதிரியில் போதிய புரதம் இருந்தால்தான் கோடு விழும். எனவே தொற்றின் தொடக்க நாளிலும் முடிவு நாட்களிலும் பட்டை தவறவிடும். வைரஸ் உச்சத்தில் இருக்கும்போது, அதாவது பிறருக்கு அதிகம் பரவும் நாட்களில், பெரும்பாலும் பிடித்துவிடும். இரண்டுக்கும் நடுவில் வரும் சிறு மூலக்கூறு கருவிகள் மேசை மேல் வைத்துப் பயன்படுத்தக்கூடியவை. கால் மணி முதல் அரை மணி நேரத்தில் முடிவு தருகின்றன, துல்லியத்தில் ஆய்வக முறைக்கு நெருங்கி வருகின்றன. ஆனால் விலை அதிகம். ஒரு நேரத்தில் ஒரு மாதிரியை மட்டுமே சோதிக்கும் கருவிகளே பல.

‘ரேபிட் கிட்’ என்ற பெயரில் இருவேறு பொருள்கள் புழங்கியதால் இந்தியாவில் 2020-இல் குழப்பம் நேர்ந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களுக்கு வந்தவை ரத்தத்தில் எதிர்ப்பொருள் தேடும் கருவிகள். எதிர்ப்பொருள் உருவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால், ஒருவர் இன்று நோய் பரப்புகிறாரா என்பதை அவை சொல்ல மாட்டா. முடிவுகளும் முன்னுக்குப்பின் முரணாக இருந்ததால் அவற்றைத் திருப்பி அனுப்பும்படி ஏப்ரல் 27 அன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. வைரஸையே தேடும் ஆன்டிஜென் சோதனைக்கு அக்கழகம் ஜூன் 14 அன்று ஒப்புதல் தந்தது. அறிகுறி உள்ளவருக்குத் தொற்று இல்லை என்று பட்டை காட்டினால் ஆர்டி-பிசிஆர் மூலம் உறுதிசெய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது.

எண்களைப் படிக்கும் முறை

ஒரு சோதனையை எடைபோட இரண்டு அளவுகள் வேண்டும். தொற்று உள்ளவர்களில் எத்தனை பேரைச் சோதனை பிடிக்கிறது என்பது உணர்திறன். தொற்று இல்லாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக இல்லை என்று சொல்கிறது என்பது தனித்தன்மை. இங்கிலாந்து பெருமளவில் வாங்கிய ஒரு பட்டையை 2020-இல் போர்ட்டன் டவுன் ஆய்வகமும் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகமும் மதிப்பிட்டன. தனித்தன்மை 99.68 சதவீதம் என்று கிடைத்தது. உணர்திறனோ கைக்குக் கை மாறியது. ஆய்வக அறிவியலாளர்கள் செய்தபோது 79 சதவீதம், பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளர்கள் செய்தபோது 73 சதவீதம், தாமே படித்துக் கற்றுக்கொண்டவர்கள் செய்தபோது 58 சதவீதம். பட்டை ஒன்றுதான். மாதிரி எடுக்கும் முறை, துளிகளின் எண்ணிக்கை, படிக்கும் நேரம் ஆகியவை மாறியதால் முடிவும் மாறியது.

தனித்தன்மை 99 சதவீதத்துக்கு மேல் இருந்தும் தவறான முடிவுகள் குவியக்கூடும். உணர்திறன் 70, தனித்தன்மை 99.5 சதவீதம் உள்ள ஒரு பட்டையை 10,000 பேரிடம் பயன்படுத்துவதாகக் கொள்வோம். ஊரில் நோய் அரிதாக இருந்து, அவர்களில் 20 பேருக்கு மட்டும் தொற்று இருந்தால் பட்டை 14 பேரைப் பிடிக்கும். தொற்றில்லாத 9,980 பேரில் ஏறத்தாழ 50 பேரையும் தவறாகக் குறிக்கும். கோடு விழுந்த 64 பேரில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவர்களே உண்மையான நோயாளிகள். நோய் பரவி 1,000 பேருக்குத் தொற்று இருக்கும் காலத்தில் அதே பட்டை 700 பேரைச் சரியாகவும் 45 பேரைத் தவறாகவும் குறிக்கும். அப்போது கோட்டை நம்பலாம். ஆனால் 300 நோயாளிகள் ‘இல்லை’ என்ற முடிவோடு நடமாடுவார்கள். நோய் அரிதாக உள்ளபோது ‘உண்டு’ என்பதையும், பரவலாக உள்ளபோது ‘இல்லை’ என்பதையும் சந்தேகிக்க வேண்டும் என்பதே இந்தக் கணக்கு தரும் விதி.

இந்த விதியை அறியாததால் விளைந்த சர்ச்சை அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் நடந்தது. பராமரிப்பு இல்லங்களுக்கு விரைவுக் கருவிகளை அனுப்பப்போவதாக 2020 ஜூலையில் அமெரிக்க நடுவண் அரசு அறிவித்தது. நெவாடாவில் 3,725 ஆன்டிஜென் சோதனைகளில் 60 பேருக்குத் தொற்று என்று வந்தது. அவர்களில் 39 பேரைப் பிசிஆர் மூலம் மறுபடி சோதித்தபோது 23 பேருக்குத் தொற்றில்லை என்று தெரிந்தது. அக்டோபர் 2 அன்று மாநில அரசு இல்லங்களில் அந்தக் கருவிகளை நிறுத்தச் சொன்னது. நடுவண் அரசு கண்டித்ததும் சில நாட்களில் உத்தரவை விலக்கிக்கொண்டது. 39-இல் 23 என்பது அதிர்ச்சியாகத் தோன்றும். 3,725-இல் 23 என்பதோ 0.6 சதவீதம், கருவி தன் இயல்பான எல்லைக்குள்தான் தவறு செய்திருந்தது. பிழை, ஒற்றை முடிவை வைத்து ஒருவரை நோயாளிகள் பிரிவுக்கு மாற்றும் நடைமுறையில் இருந்தது. தொற்றில்லாத முதியவரைத் தொற்றுள்ளவர்களோடு படுக்க வைப்பது, சோதனையே அவருக்கு நோயைத் தருவதற்குச் சமம். இதன் பிறகு, அறிகுறியில்லாதவருக்குக் கோடு விழுந்தால் தனி அறையில் வைத்து, பிசிஆர் முடிவு வந்த பிறகே இடம் மாற்றுவது என்ற முறை வலுப்பெற்றது.

வேகம், அடிக்கடி, ஊழியர்

இல்லத்துக்குள் நோயைக் கொண்டுவருவது பெரும்பாலும் உள்ளேயே வாழும் முதியவர் அல்ல. தினமும் வெளியே போய்வரும் ஊழியர். எனவே சோதனையின் முதல் இலக்கு ஊழியர்களாக ஆனது. இங்கிலாந்தில் 2020 ஜூலை முதல் ஊழியர்களுக்கு வாரம் ஒருமுறையும் இல்லவாசிகளுக்கு 28 நாட்களுக்கு ஒருமுறையும் பிசிஆர் சோதனை திட்டமிடப்பட்டது. அமெரிக்காவில் அந்த ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் வந்த விதி, சுற்றுவட்டாரத்தில் நோயின் அளவோடு சோதனையை இணைத்தது. அங்கு செய்யப்படும் சோதனைகளில் தொற்று உறுதியாகும் விகிதம் 5 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் ஊழியர்களுக்கு மாதம் ஒருமுறை, 5 முதல் 10 வரை இருந்தால் வாரம் ஒருமுறை, அதற்கு மேல் போனால் வாரம் இருமுறை.

பிசிஆர் முடிவு வர ஒன்றிரண்டு நாட்களும், நெருக்கடிக் காலத்தில் அதற்கும் மேலும் ஆனது. அதற்குள் ஊழியர் இரண்டு மூன்று பணிநேரங்களை முடித்திருப்பார். நுணுக்கம் குறைந்தாலும் உடனே முடிவு தந்து அடிக்கடி செய்யக்கூடிய சோதனை, நுணுக்கமான ஆனால் தாமதமான சோதனையைவிடப் பரவலை நன்றாகத் தடுக்கும் என்று 2020 நவம்பரில் வெளியான கணித மாதிரி ஆய்வு ஒன்று காட்டியது. ஒருநாள் பட்டை தவறவிட்டவரை அடுத்த சோதனை பிடித்துவிடும் என்பதே அதன் தர்க்கம். பின்னர் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் இதே வழியில் அறிவுறுத்தியது. வீட்டில் செய்யும் ஆன்டிஜென் சோதனையில் தொற்றில்லை என்று முடிவு செய்ய, அறிகுறி உள்ளவர் 48 மணி நேர இடைவெளியில் இருமுறையும், அறிகுறி இல்லாதவர் மும்முறையும் சோதிக்க வேண்டும் என்று 2022-இல் கூறியது.

களத்தில் கிடைத்த சான்று இரு வகையானது. அமெரிக்காவின் 13,424 பராமரிப்பு இல்லங்களின் தரவுகளை 2020 நவம்பர் முதல் 2022 மார்ச் வரை ஆராய்ந்து 2023-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த கட்டுரை, ஊழியர் சோதனை அதிகமாக நடந்த இல்லங்களில் முதியவர்களின் தொற்றும் இறப்பும் குறைவு என்றது. தடுப்பூசி வருமுன், ஊழியர் ஒருவருக்கு வாரத்துக்கு ஒரு சோதனை கூடும்போது முதியவர்களிடையே தொற்று சுமார் 30 சதவீதமும் இறப்பு சுமார் 26 சதவீதமும் குறைவாக இருந்தன. தடுப்பூசி பரவிய பிறகு இந்த வேறுபாடு சுருங்கியது. இது தற்செயல் தேர்வு முறையில் அமைந்த சோதனை அல்ல. அதிகம் சோதித்த இல்லங்கள் பிற வகைகளிலும் கவனமாக இருந்திருக்கக்கூடும் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

மறுபக்கம் லிவர்பூல். அங்குள்ள 11 பராமரிப்பு இல்லங்களில் ஊழியர்களை விரைவுப் பட்டையால் அடிக்கடி சோதிக்கும் முன்னோட்டத் திட்டம் நடந்தது. விதித்தபடி முக்கால் பங்குக்கு மேல் சோதனை செய்துகொண்ட ஊழியர்கள் 8.6 சதவீதமே. இல்லங்களில் நோய் பரவுவதைத் தடுக்க அந்தத் திட்டம் போதவில்லை. ஆள் பற்றாக்குறையால் ஏற்கெனவே திணறும் இல்லத்தில், ஒவ்வொருவரும் மாதிரி எடுத்து, அரை மணி காத்திருந்து, முடிவைப் பதிவேற்றுவது தனி வேலையாகவே ஆகிவிட்டது.

இன்னொரு தடை பணம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் நடத்திய ‘விவால்டி’ ஆய்வு இங்கிலாந்தின் பராமரிப்பு இல்லங்களை ஒப்பிட்டது. நோய்விடுப்புக்கு ஊதியம் தரும் இல்லங்களில் தொற்று குறைவாகவும், ஒப்பந்த முகமைகளின் ஊழியர்களை அடிக்கடி அழைக்கும் இல்லங்களில் அதிகமாகவும் இருந்ததை அது கண்டது. அப்போது பிரிட்டனில் சட்டப்படியான நோய்விடுப்புத் தொகை வாரத்துக்கு 95.85 பவுண்டு மட்டுமே. கோடு விழுந்தால் குடும்ப வருமானம் நின்றுபோகும் என்றால், அதைத் தேடிப் பார்க்க யாருக்கும் மனம் வராது. தனிமையில் இருக்கும் ஊழியருக்கு முழுச் சம்பளம் தரவும், ஒருவர் பல இல்லங்களில் வேலை செய்வதைக் குறைக்கவும் 2020 மே மாதம் இங்கிலாந்து அரசு 60 கோடி பவுண்டு ஒதுக்கியது. சோதனைக் கருவிக்குச் செலவிட்ட பணத்தைப் போலவே இதுவும் தொற்றுக் கட்டுப்பாட்டுக்கான செலவுதான்.

இன்ஃப்ளுயன்சா: முடிவுக்குப் பின் மருந்து

விரைவுப் பரிசோதனையால் தெளிவான பயன் கிடைக்கும் இடம் இன்ஃப்ளுயன்சா. காரணம், இதற்கு மருந்து உண்டு. அந்த மருந்துக்குக் கெடுவும் உண்டு. ஓசெல்டாமிவிர் அறிகுறி தோன்றி 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் அதிகம் உதவுகிறது. நோய் வராதவர்களுக்கும் தடுப்பாகக் கொடுக்கலாம். 72 மணி நேரத்துக்குள் இரண்டு இல்லவாசிகளுக்கு நோய் வந்து, ஒருவருக்காவது இன்ஃப்ளுயன்சா உறுதியானால் அதைப் பரவலாகக் கொண்டு, பாதிக்கப்பட்ட பிரிவில் உள்ள நோயில்லாத எல்லா இல்லவாசிகளுக்கும் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டுதல். குறைந்தது இரண்டு வாரமும், கடைசி நோயாளி கண்டறியப்பட்ட பின் ஏழு நாட்கள் வரையும் மருந்து தொடர வேண்டும்.

பழைய இன்ஃப்ளுயன்சா பட்டைகளின் உணர்திறன் 50 முதல் 70 சதவீதம் வரையே இருந்தது. பெரியவர்களின் மூக்கில் குழந்தைகளைவிட வைரஸ் குறைவாக இருப்பதால் அவர்களிடம் இன்னும் குறைவு. 2017-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இத்தகைய பட்டைகளுக்குக் குறைந்தபட்சத் தர அளவை விதித்த பின், பல பழைய பட்டைகள் சந்தையிலிருந்து விலகின. ஆனாலும் இல்லத்தில் ஒருவரை மட்டும் அல்ல, நோயுற்ற பலரையும் சோதிப்பதால் குறை ஓரளவு ஈடாகிறது. நான்கு பேருக்கு இருமல் இருந்து மூவரின் பட்டை பேசாமல் இருந்தாலும், ஒருவருக்குக் கோடு விழுந்தால் முழு இல்லத்துக்கும் முடிவெடுக்கலாம்.

விஸ்கான்சின் மாநிலத்தில் 20 பராமரிப்பு இல்லங்களைத் தற்செயல் தேர்வில் இரு பிரிவாகப் பிரித்து நடத்திய ஆய்வு இதைச் சோதித்தது. ஒரு பிரிவில், மருத்துவரின் உத்தரவுக்குக் காத்திராமல், சுவாச அறிகுறி தென்பட்டதும் இல்லச் செவிலியர்களே விரைவுப் பரிசோதனை செய்தார்கள். அங்கு வைரஸ் எதிர்ப்பு மருந்து அதிகமாக வழங்கப்பட்டது. மருத்துவமனைச் சேர்க்கை சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. சோதனையின் அளவுக்கு, அதைப் பயன்படுத்தும் அதிகாரம் செவிலியரின் கையில் இருந்ததும் இங்கே வேலை செய்தது. ஓசெல்டாமிவிரின் அளவைச் சிறுநீரகத் திறனுக்கேற்பக் குறைக்க வேண்டும். ஒவ்வொருவரின் கிரியாட்டினின் அளவும் முன்கூட்டியே கோப்பில் இல்லாவிட்டால், பதினைந்து நிமிடத்தில் வந்த முடிவு மருந்தாக மாற இரண்டு நாளாகும். கொரோனாவுக்கான நிர்மாட்ரெல்விர்-ரிடோனாவிர் மாத்திரைக்கும் இது பொருந்தும். அதை அறிகுறி தோன்றிய ஐந்து நாட்களுக்குள் தொடங்க வேண்டும். முதியவர்கள் வழக்கமாக எடுக்கும் பல மருந்துகளோடு அது மோதும் என்பதால் மருந்துப் பட்டியலும் தயாராக இருக்க வேண்டும்.

சோதனை தவறாக வழிநடத்தும் இடங்கள்

எல்லா விரைவுப் பரிசோதனையும் நன்மை தருவதில்லை. சிறுநீர்ப் பட்டை இதற்குச் சிறந்த உதாரணம். நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் வாழும் பெண்களில் 25 முதல் 50 சதவீதம் பேருக்கும், ஆண்களில் 15 முதல் 40 சதவீதம் பேருக்கும் எந்த உபாதையும் இல்லாமலே சிறுநீரில் பாக்டீரியா இருக்கிறது. சிறுநீர்க் குழாய் நீண்டகாலம் பொருத்தப்பட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு. பட்டையைத் தோய்த்தால் நிறம் மாறத்தான் செய்யும். முதியவர் சற்றுக் குழம்பினாலோ சிறுநீர் வாடை அடித்தாலோ பட்டையைத் தோய்த்து, நிறம் மாறியதும் ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் வழக்கம் இப்படியே வேரூன்றியது. அதனால் குழப்பத்தின் உண்மைக் காரணமான நீரிழப்போ, மலச்சிக்கலோ, புதிய மருந்தோ கவனிக்கப்படாமல் போகிறது. மருந்துக்கு அடங்காத கிருமிகளும், ஆன்டிபயாட்டிக்கைத் தொடர்ந்து வரும் கடும் வயிற்றுப்போக்கும் கூடுதல் விளைவுகள். 65 வயதைக் கடந்தவர்களிடம் சிறுநீர்த் தொற்றைக் கண்டறியப் பட்டையைப் பயன்படுத்த வேண்டாம், அறிகுறிகளை வைத்து முடிவெடுங்கள் என்பது இங்கிலாந்தின் பொதுச் சுகாதார வழிகாட்டுதல்.

‘இல்லை’ என்ற முடிவின் ஆபத்தைக் கனடாவின் டொரொன்டோ நகரம் 2005-இல் கண்டது. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒரு பெரிய முதியோர் இல்லத்தில் சுவாச நோய் பரவி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தனர். லீஜியனெல்லா பாக்டீரியாவைத் தேடித் தொடக்கத்தில் செய்த சிறுநீர் ஆன்டிஜென் சோதனைகளில் எதுவும் தெரியவில்லை. இறந்தவர்களின் நுரையீரல் திசுவை ஆராய்ந்த பிறகே லீஜியனெல்லாதான் காரணம் என்று அக்டோபர் தொடக்கத்தில் தெரியவந்தது. விரைவுப் பரிசோதனை இல்லை என்று சொன்னாலும், நோயாளிகள் கூடிக்கொண்டே போனால் ஆய்வகச் சோதனையைத் தொடர வேண்டும் என்பது இதன் பாடம்.

நோரோவைரஸ் வேறு வகை. திடீர் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஒரே நாளில் பலருக்கு வந்தால், எந்தச் சோதனை முடிவுக்கும் காத்திராமல் சோப்பால் கைகழுவுதல், குளோரின் கரைசலால் சுத்தம் செய்தல், நோயுற்றவர்களைத் தனியே வைத்தல் ஆகியவற்றைத் தொடங்கிவிட வேண்டும். ஆல்கஹால் கலந்த கைத்திரவம் இந்த வைரஸுக்கு எதிராகப் போதாது. ஆய்வகச் சோதனை பின்னர் காரணத்தை உறுதிசெய்ய உதவும்.

உரிமையும் உறவும்

சோதிக்கப்படுகிறவர் ஒரு மனிதர்; இல்லம் அவருக்கு வீடு. மறதிநோய் உள்ளவருக்கு, முகக்கவசம் அணிந்த யாரோ ஒருவர் மூக்கில் குச்சியை நுழைப்பது தாக்குதலாகவே தோன்றும். தானே முடிவெடுக்க இயலாதவர் விஷயத்தில் அவருடைய நலனுக்கு உகந்ததையே செய்ய வேண்டும், முடிந்தவரை அவர் விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்கிறது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடப்பில் உள்ள மனத்திறன் சட்டம், 2005. மூக்கின் முன்பகுதியில் மட்டும் மாதிரி எடுக்கும் பட்டைகள் இந்தத் துன்பத்தைக் குறைத்தன. மறுப்பவரை வற்புறுத்தாமல், அறிகுறியைக் கவனித்துக் கொஞ்ச நாள் தனியே பார்த்துக்கொள்வதும் ஏற்கத்தக்க மாற்றுவழி.

சோதனை கதவைத் திறக்கவும் உதவும். பெருந்தொற்றின் முதல் ஆண்டில் இல்லங்கள் பூட்டப்பட்டன. மக்களும் பேரப்பிள்ளைகளும் ஜன்னலுக்கு வெளியே நின்றே பார்க்க முடிந்தது. இங்கிலாந்தில் 2021 மார்ச் 8 முதல் ஒவ்வொரு முதியவரும் பெயர் குறித்த ஒருவரை உள்ளே சந்திக்க அனுமதி கிடைத்தது. வருபவர் ஒவ்வொரு முறையும் பட்டையில் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. தனிமையும் முதியவர்களைத் தளரச்செய்யும் என்பதால், இந்தப் பயனையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தடுப்பூசியும் மருந்தும் பரவிய பிறகு எல்லோரையும் எப்போதும் சோதிக்கும் முறைக்கு அவசியம் குறைந்தது. இங்கிலாந்தில் அறிகுறியற்றவர்களுக்கான வழக்கமான சோதனை 2022 ஆகஸ்ட் 31 முதல் நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த மாதம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் ஊழியர்களுக்கான வழக்கமான சோதனையை இனி பரிந்துரைக்கவில்லை என்றது. இன்று சோதனையின் இடம் இரண்டு: நோயுற்றவருக்கு உடனே மருந்து தொடங்குவது, இல்லத்தில் பரவல் தொடங்கிவிட்டதா என்று அறிவது.

ஓர் இல்லத்துக்கு வேண்டியவை

பட்டைகள் வழக்கமாக 2 முதல் 30 டிகிரி செல்சியஸுக்குள் வைக்கப்பட வேண்டும். வெப்ப நாடுகளில் மின்விசிறி அறையின் அலமாரி போதாது. காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். குறித்த நேரத்துக்கு முன்னும் பின்னும் படித்த முடிவு செல்லாது. தாமதமாகப் படிப்பதால் பொய்க்கோடு தோன்றும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020 நவம்பரில் பராமரிப்பு இல்லங்களை எச்சரித்தது. மாதிரி எடுக்கப் பயிற்சி பெற்றவர் ஒவ்வொரு பணிநேரத்திலும் ஒருவராவது இருக்க வேண்டும். யாருக்கு, எப்போது, யார் சோதித்தார், என்ன முடிவு என்ற பதிவேடு வேண்டும். கோடு விழுந்தால் முதியவரை எந்த அறையில் வைப்பது, எந்த மருத்துவரை அழைப்பது, உறவினருக்கு யார் சொல்வது, ஊழியருக்குச் சம்பளம் எப்படி என்பவை முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கிர்க்லாண்ட், நெவாடா, லிவர்பூல், விஸ்கான்சின் ஆகிய நான்கு இடங்களின் அனுபவமும் ஒரே முடிவுக்கே இட்டுச்செல்கிறது. விரைவுப் பரிசோதனை தருவது நேரம் மட்டுமே. அந்த நேரத்தில் செய்ய வேண்டியதை முன்பே தீர்மானித்து, அதற்கு ஆளும் மருந்தும் ஊதியமும் ஒதுக்கிய இல்லத்தில் அது உயிர் காக்கிறது. முடிவு வந்தாலும் எதுவும் மாறப்போவதில்லை என்றால், அந்தச் சோதனையைச் செய்யாமல் இருப்பதே நல்லது.